ஏகாதசி விரதம் இருந்த நாய்

எங்கள் கே.கே. நகர் வீட்டுக்கு நீங்கள் வந்தால், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே ஓர் ஆணியில் நாய்ச் சங்கிலி தொங்குவதைப் பார்ப்பீர்கள். பார்த்ததும் ஒரு காலை வாசலுக்கு வெளியிலேயே வைத்துக்கொண்டு, "நாய் கட்டியிருக்கா?" என்று கேட்பீர்கள். வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். நாய் இல்லை. சங்கிலி மட்டும்தான். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகன் கவின், பிறந்தநாளுக்கு அவன் மாமா கொடுத்த பணத்தில் வாங்கி மாட்டியிருக்கிறான். வாயைத் திறந்து எதுவும் கேட்பதில்லை. ஆபீஸ் கிளம்பும்போது நான் ஷூ எடுக்கக் குனிந்தால் அது என் தலையில் இடிக்கும். அவ்வளவுதான் அவன் கேட்பது.

இடிப்பது மொட்டைத் தலையில் என்பதால் கொஞ்சம் வலிக்கவும் செய்யும். மொட்டைக்குக் காரணமும் அவன்தான். மழைக்காலத்தில் அவனுக்குக் கொசுக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தோம். பிளேட்லெட் குறைகிறது என்று டாக்டர் சாதாரணக் குரலில்தான் சொன்னார்.  நான் எம்.எஸ்ஸி. படித்தவன், நண்பர்களிடம் பகுத்தறிவு பேசுகிறவன். அந்த வராந்தாவில் நின்றபடி ஒரு தெய்வத்தையும் விடவில்லை. சமயபுரத்துக்கு மொட்டை, உச்சிப்பிள்ளையாருக்குத் தேங்காய், திருவெள்ளறைப் பெருமாளுக்குத் துளசி மாலை, ஸ்ரீரங்கம் தாயாருக்குப் புடவை. பிறகு கட்டிலருகே வந்து, அவன் சூடான கையைப் பிடித்துக்கொண்டு, "சரியாகி வா, நாய் வாங்கித் தரேன்" என்றேன்.

சரியாகி வந்தான். நான் ஒவ்வொன்றாக நிறைவேற்றத் தொடங்கினேன். மொட்டை அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று, சோபாவின் பின்னாலிருந்து என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"சாமிங்களுக்குச் சொன்னதெல்லாம் செஞ்சுட்டு வரீங்க. எனக்குச் சொன்னது?"

என் மனைவி சுமதி சமையலறையிலிருந்து சிரித்தாள். ஆனால் பிறகு தனியாக இருக்கும்போது அவள் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "நாய் அவனுக்கு வேணுமான்னு யோசிக்காதீங்க. அதுக்கு ஒரு நாள் ஒடம்பு முடியலைன்னா நீங்க தாங்குவீங்களா, அதை யோசிங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இன்றும் அவன் தும்மினால் என் கை தானாக அவன் நெற்றிக்குப் போகிறது. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அவன் எங்கே இருக்கிறான் என்று தேடுகிறேன். ஒரு நெற்றிக்கே இப்படி இருக்கிற மனிதன் இன்னொரு நெற்றியை எப்படி ஏற்பது? நாய்க்குக் காய்ச்சல் வந்தால் எங்கே தொட்டுப் பார்ப்பது என்று கூட எனக்குத் தெரியாது. ஆபீஸில் உடன் வேலை செய்யும் உறையூர் சந்திரா மேடம் வீட்டு நாய் குட்டி போட்டிருந்தது. ஒன்றை எங்களுக்கு என்று வைத்திருந்தார். கவினுக்கும் அது தெரியும். "யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்று நான் சொல்லச் சொல்ல அது வளர்ந்துகொண்டே இருந்தது.

போன வாரம் திடீர் மழையில் சங்கிலி நனைந்துவிட்டது. ஈரத் தோல் வாடை. அந்த வாடை என்னை நேராக ஸ்ரீரங்கத்தில் கொண்டுபோய் விட்டது. சித்திரை வீதியில் நாங்கள் குடியிருந்த வீடு, அதன் கொல்லைக் கதவு, அதற்கு வெளியே சந்தில் மழையில் நனைந்து நின்ற மணி.

மணியை யாரும் வாங்கவில்லை. வளர்க்கலாமா என்று யாரும் உட்கார்ந்து பேசவும் இல்லை. ஒருநாள் வந்தது, இருந்தது. அந்த வீதி வீடுகள் முன்வாசலில் தொடங்கி நீண்டுகொண்டே போய்ப் பின்சந்தில் முடியும். முன்வாசலில் பெருமாள் புறப்பாடு வரும், கோலம் போட்டிருக்கும். அதனால் மணிக்குப் பின்வாசல். என் அம்மா ஆசாரம் பார்க்கிறவள். அதைத் தொட்டதே இல்லை. இலையில் சோற்றை வைத்து, இரண்டடி தள்ளி நின்றுகொள்வாள். யாராவது "உங்க நாயா?" என்று கேட்டால், "நம்ம நாய் இல்லைங்க, நம்ம கொல்லைப் பக்கம் இருக்கு" என்பாள். அந்த வித்தியாசம் அவளுக்கு மிகவும் முக்கியம். ஊருக்குப் போனால், பூட்டுச் சாவியைக் கொடுக்கும்போதே மணிக்குச் சோறு வைக்கவும் பக்கத்து வீட்டுக் கோமளா மாமியிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். இருந்தாலும் நம்ம நாய் இல்லை.

ஏகாதசி அன்று எங்கள் வீதியில் எந்த வீட்டிலும் சோறு வடிக்க மாட்டார்கள். அதனால் மணிக்கும் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், அன்று மணி எந்தக் கொல்லையிலும் வந்து நிற்காது. மறுநாள் துவாதசி காலையில், அம்மா அகத்திக்கீரை வதக்கும் நேரத்துக்குச் சரியாக வந்துவிடும். கோமளா மாமிக்கு இதில் கண்ணே கலங்கிவிடும். "போன ஜன்மத்துல யாரோ, பெருமாளுக்குக் கைங்கர்யம் பண்ணின பாகவதர்" என்பார். அடிக்கடி பஜ்ஜி தின்று ஏகாதசியை முறித்த என்னைப் பார்த்து, நாய்க்கு இருக்கும் பக்தி கூட இல்லையே என்று வீதியே சொல்லும்.

எனக்கு மணி மேல் கொஞ்சம் பொறாமை. ஒரு ஏகாதசி மாலை அதன் பின்னாலேயே போனேன். மணி நிதானமாக ரயிலடி வரைக்கும் நடந்து, ஒரு பரோட்டாக் கடை முன்னால் உட்கார்ந்தது. கடைக்காரர் கல்லிலிருந்து தலையைத் தூக்காமல், "வாடா டைகரு" என்று முட்டைப் பரோட்டா மிச்சத்தைப் போட்டார். நான் வாயைப் பிளந்து நின்றேன்.

"ஒங்க வீட்டு நாயா தம்பி? மாசத்துல ரெண்டு நாளு கரெக்டா வந்துருதே, என்ன கணக்குன்னுதான் புரியல."

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். முகம் சுளிப்பாள், இனிமேல் சோறு இல்லை என்பாள் என்று எதிர்பார்த்தேன்.  அவளோ, "பட்டினி கெடக்குதேன்னு எனக்கு ரெண்டு ஏகாதசியா மனசே சரியில்லடா. நல்லவேளை" என்றாள். "மாமிகிட்ட சொல்லாத."

மாமி கடைசி வரைக்கும் மணியைப் பாகவதராகவே நினைத்திருந்தார்.

அதன்பின் ஒரு துவாதசியில் மணி வரவில்லை. துவாதசியில் உரிய நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்காவிட்டால் விரதமே வீண் என்பாள் அம்மா. அன்று கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் ஆறிப்போக, இலையைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றாள். நேரம் முடியப்போகிறது என்று அப்பா இரண்டு முறை வந்து சொன்னார். மூன்றாவது முறை, "நம்ம நாயே இல்லைன்ன?" என்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நேரம் கடந்துபோனது. உச்சிவேளையில் மணி சால்னா வாடையோடு, பசியே இல்லாமல், வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. "எங்கடா போன, கழுதை" என்று சொல்லி, அம்மா முதல்முறையாக அதன் நெற்றியைத் தொட்டாள். பிறகு குளித்துவிட்டு வந்து சாப்பிட்டாள்.

பின்வாசலில் நின்றபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதே முகத்தை ஆஸ்பத்திரி லிஃப்ட் கண்ணாடியில் பார்த்தேன், என் கழுத்துக்கு மேலே.

இந்தச் சனிக்கிழமை தாயாருக்குப் புடவை சாத்த ஸ்கூட்டரில் கவினை அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். தரிசனம் முடிந்ததும் பழைய வீட்டைக் காட்டப் போனேன். அங்கே இப்போது அடுக்குமாடி. பின்சந்துப் பக்கம் முழுக்கச் சுவர், சுவரை ஒட்டிக் கார்கள். ரயிலடியில் பரோட்டாக் கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள். மணியின் கதையைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். கவின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு யோசித்தான்.

"இப்ப மணி இருந்தா ஏகாதசிக்கு எங்கப்பா போகும்?"

 ஒரு கதவு சாத்தியிருந்தால் இன்னொரு கதவுக்குப் போகலாம் என்று அதற்கு ஒரு ஊரே இருந்தது. அம்மா கவலைப்பட்ட அன்றைக்கும் கூட, அவள் அறியாத ஒருவர் கல்லிலிருந்து தலையைத் தூக்காமல் அதற்குப் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார்.

காவிரிப் பாலம் இறங்கியதும் வண்டியை வலப்பக்கம் உறையூருக்குத் திருப்பினேன்.

"வீட்டுக்கு இந்தப் பக்கம் இல்லையேப்பா" என்றான் கவின் பின்னாலிருந்து. கொஞ்ச தூரம் போனதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. என் இடுப்பைச் சுற்றியிருந்த கைகள் இறுகின. "ஐயோ, சங்கிலி வீட்லயே இருக்கே."

"மணிக்கு ஏதுடா சங்கிலி" என்றேன்.