ஒரு கையால் போட்ட ஒட்டு

கள்ளிச்செடி வளர்த்து விற்ற அந்த அம்மாளை எல்லோரும் முள்ளக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வாய்க்கும் அந்தப் பெயர் பொருந்தும். பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு அவரைப் பார்த்துக்கொள்ள நர்சாக நான் போனேன். பயிற்சி கொடுத்துப் பார்த்தேன். அந்தக் கை இனி வேலைக்கு உதவாது என்று தெரிந்ததும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

"சரி, இருக்கிற கைய வச்சு பாப்போம்" என்றார். அழவில்லை.

அவருடைய தம்பிக்குத்தான் மனசு கேட்கவில்லை. செடிகள் இருந்த கண்ணாடிக் கொட்டகையைப் பூட்டிவிட்டு அக்காவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போக நினைத்தார். நல்ல மனுஷர். ஆனால் அவர் வீட்டில் ஒரு தொட்டி வைக்கக்கூட வெயில் கிடையாது.

"ஒட்டுப் போட ரெண்டு கை வேணும்க்கா. ஒட்டுச்செடி இல்லன்னா உன்கிட்ட யார் வருவாங்க?"

அது உண்மை. ஜனங்கள் தேடி வந்து வாங்குவது சிவப்பு உருண்டைக் கள்ளியை. அதற்குப் பச்சையம் இல்லாததால் தனியாகப் பிழைக்காது. ஒரு பச்சைக் கள்ளியின் தலையைச் சீவி அதன்மேல் உட்கார வைத்து, இரண்டும் ஒட்டும்வரை ரப்பர் வளையம் மாட்டி இறுக்க வேண்டும்.

"நானே ஒண்ணு போட்டு அது புடிச்சிடுச்சுன்னா, பேசாம போயிடுவியா?"

"புடிக்கலன்னா?"

"வாய மூடிக்கிட்டு உன்கூட வர்றேன்."

"அது நடக்காதுக்கா. வர்றது நடக்கும், வாய மூடறது நடக்காது."

முதல் முறை வளையத்தைப் பல்லால் இழுத்தார். சிவப்பு உருண்டை பறந்து போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. நான் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"நீங்க புடிச்சா அது உங்க ஒட்டு, நர்சம்மா."

அடுத்து குண்டூசியால் குத்தி நிறுத்தினார். ஊசி துருப்பிடித்து, கள்ளியின் சதை கறுத்து அழுகிவிட்டது. மறுநாள் காலை நீளமுள் கள்ளி ஒன்றின் எதிரில் நாற்காலியைப் போடச் சொன்னார்.

"முள்ளுன்னா என்ன? தண்ணி போயிடாம இருக்க ஒடுங்கிப்போன இலைதானே. அது துருப்புடிக்குமா?"

நீளமான முட்களாகப் பார்த்து ஒடித்தார். கொதிக்க வைத்த பிறகுதான் குத்த வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தொட்டியை முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் பச்சைத் தலையைச் சீவி, சிவப்பு உருண்டையைப் பொருத்தி, ஒவ்வொரு முள்ளாக அழுத்திச் செருகினார். தாடையிலிருந்து வியர்வை சொட்டியது. துடைக்க நீண்ட என் கையை முறைத்தார்.

சில வாரம் கழித்துத் தம்பி வந்தார். அக்காவின் துணிமணிக்கென்று பெரிய பெட்டியும் கொண்டுவந்திருந்தார்.

"முள்ள எல்லாம் புடுங்கு. தொட்டிய கவுத்துப் பாரு."

தம்பி முட்களைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்தார். உருண்டை அசையவில்லை. அதன் ஓரத்தில் கடுகளவு புதுத் தளிர் ஒன்று சிவப்பாகத் தலை நீட்டியிருந்தது.

"நர்சம்மா கை வச்சாங்களா?"

"விட்டாத்தானே வைக்க" என்றேன்.

தம்பி அந்தத் தளிரையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் முள்ளக்கா பெட்டியைக் காலால் தன் பக்கம் இழுத்துத் திறந்து, விற்கத் தயாராக இருந்த தொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்க ஆரம்பித்திருந்தார்.

"போற வழியில இத செடிக் கடையில குடுத்துட்டுப் போ. பாத்து தூக்கு, குத்தும்."