பிசகிய மூலைமட்டம்

ஜாலான் புசார் சாலையில் பழைய சாமான் விற்பவர் நீட்டிய, தச்சர்கள் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தில் காறிப்போன தேங்காயெண்ணெய் வாடை அடித்தது. மற்றவர்கள் முத்திரையையும் பித்தளைப் பட்டையையும் பார்த்து வாங்குவார்கள். நான் முதலில் முகர்ந்து பார்ப்பேன். தச்சரான என் அப்பா தம் மூலைமட்டத்தின் தகடு துருப்பிடிக்காமலிருக்க அந்த எண்ணெயைத்தான் தடவுவார்.

அறுபதுகளில் எங்கள் கடைவீட்டின் பின்பக்கம் முழுக்க அவருடைய பட்டறை. இழைப்புளி ஓடும் சத்தத்துக்கும் காலில் ஒட்டும் சீவல் சுருள்களுக்கும் நடுவே உட்கார்ந்து, பள்ளிக்கூடத்து மரத்தடியில் பொறுக்கிவந்த வாதுமைக் கொட்டைகளை, கைக்கு வாகாய்க் கனமாயிருக்கிறதே என்று அந்த மூலைமட்டத்தின் கட்டையாலேயே உடைப்பேன். பருப்பு முழுசாக வந்தால் அப்பாவுக்கும் ஒன்று கொடுப்பேன். ஒருநாள் ஓங்கி அடித்ததில் தகடு அதிர்ந்து கை கூசியது.

அதன் பிறகு அவர் செய்த அலமாரிகள் கதவு பொருந்தாமல் திரும்பி வரத் தொடங்கின. எனக்குக் காரணம் தெரியும். வாய் திறக்கவில்லை. “இரும்பு பொய் சொல்லாதுலா, என் கண்ணுதான் போச்சு” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கருவிகளையெல்லாம் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் விற்று, ஒரு கிடங்குக்குக் காவல் வேலைக்குப் போனார்.

கடைக்காரரின் பலகையில் ஒரு கோடு போட்டு, மட்டத்தைப் புரட்டி அதே இடத்தில் இன்னொன்று போட்டேன். மட்டம் பிசகியிருந்தால் இரண்டும் விலகும். அப்பா செய்து பார்க்காத சோதனை. கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாய்ப் படிந்தன.

“கொஞ்சங்கூடப் பிசகல, எடுத்துக்குங்கம்மா” என்றார்.

அப்படியானால் அப்பாவுடையது இல்லை. வேண்டாமென்று வைத்துவிட்டு வந்தேன்.