அவள் வீட்டைவிட ஒரு வரி உயரம்

"...இல்லக்கா, இது டைல்ஸ் கோளாறு இல்ல. உள்ள மண்ணு எறங்கிருச்சு. இங்கன தட்டிப் பாருங்க, பொள்ளச் சத்தம் கேக்குது" என்றாள் என் ஓரகத்தி. ஹாலின் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரல் முட்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

என் மகளைப் பார்க்கக் கடமலைக்குண்டிலிருந்து கிளம்பியவர்கள் தேனியைத் தாண்டிவிட்டதாக அப்போதுதான் போன் வந்திருந்தது. போட்டோ பார்த்தாயிற்று, ஜாதகமும் பொருந்திவிட்டது. இன்றைக்கு வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பார்க்கிற நேரத்தைவிட வீட்டைப் பார்க்கிற நேரம் அதிகம். மனசுக்குப் பிடித்திருந்தால் கை நனைப்பார்கள், அதாவது இலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிடிக்கவில்லை என்றால், "இருக்கட்டும், இன்னொரு நாளைக்கு ஆற அமர வாறோம்" என்று காபியோடு எழுந்துவிடுவார்கள். அந்த இன்னொரு நாள் வரவே வராது.

அவர்கள் உட்காரப்போகிற இடத்துக்கு நேர் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தரை குழிந்திருந்தது. அதிலிருந்து ஒரு விரிசல் கிளம்பிச் சமையற்கட்டு வாசல்வரை போயிருந்தது. முன்னால் முடி மாதிரி இருந்தது, இந்தக் கோடையில் நகம் நுழைகிற அளவுக்கு வாய் திறந்துவிட்டது.

அதைத் தட்டிக் காட்டுகிறவள் வேறு யாராவதாக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்கு இருந்தது.

அவள் என் கொழுந்தனின் மனைவி. பக்கத்து வீடு. உத்தமபாளையத்துக்கு வெளியே மாமனார் விட்டுப்போன இடத்தை அண்ணனும் தம்பியும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கிழக்குப் பாகம் எங்களுக்கு, மேற்குப் பாகம் அவர்களுக்கு. என் வீட்டுக்காரர் திராட்சைத் தோட்டத்தோடு மல்லுக்கட்டுகிறவர். கொழுந்தனுக்குக் குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் வியாபாரம். அதனால் அவர்கள் வீடு முதலில் எழும்பியது. நாங்கள் எங்கள் பாகத்தில் இருந்த பழைய ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு, அது எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்துக்கொண்டிருந்தோம் என்று பன்மையில் சொல்வதுகூடத் தப்பு. என் வீட்டுக்காரர் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

பல் விளக்கும்போது பார்ப்பேன், துணி காயப்போடும்போது பார்ப்பேன். அஸ்திவாரம் தோண்டும்போது "குழிதானே" என்று மனசு சமாதானமாக இருந்தது. சுவர் ஏற ஏற எனக்கு ரசம் இறங்கவில்லை. மலையாளத்து ஆசாரி ஒருவர் வந்து தலைவாசல் கதவில் தாமரை இழைத்துக்கொண்டிருந்தார். சமையல் மேடைக்குக் கறுப்பு கிரானைட் வந்து இறங்கியது. "பாருங்கக்கா, எப்புடி மின்னுது" என்று அவள் கூப்பிட்டுக் காட்டினாள். குனிந்து பார்த்தேன். என் முகம் அதில் அப்படியே தெரிந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் எங்கும் பார்த்ததில்லை.

அடுத்தவர் வீடு கட்டும்போது கூடவே இருந்து பார்ப்பதைப்போல ஒரு படிப்பு கிடையாது. காசு அவர்களுடையது, பாடம் நமக்கு. அவள் வீட்டில் படுக்கையறை சுவிட்ச் போர்டு கதவுக்குப் பின்னால் போய்விட்டது. ராத்திரி விளக்குப் போட வேண்டுமென்றால் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டுத் தடவ வேண்டும். குளியலறையில் தண்ணீர் மூலைக்குப் போகாமல் வாசலுக்கு வருகிறது. பின் ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு விடாமல் போனதால் மேகமலைப் பக்கமிருந்து வருகிற சாரல் நேராக அரிசி மூட்டைக்கு வந்துவிடுகிறது. இதையெல்லாம் அவளே வாய்விட்டுச் சொன்னாள்.

"பின்னால கட்டுறவுக குடுத்து வச்சவுகக்கா. நாங்க பட்டதப் பாத்து நீங்க திருத்திக்கிறலாம்."

என் காதில் "பின்னால கட்டுறவுக" என்கிற வார்த்தை மட்டும்தான் விழுந்தது. அந்த மூன்று தப்பையும் நானும் செய்தேன். என் வீட்டிலும் சுவிட்ச் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. கிரானைட்டையும் தாமரையையும் பார்த்த கண்ணுக்குச் சன்ஷேடு எங்கே தெரியும்?

எங்கள் முறை வந்தது. அவள் வீட்டைக் கட்டிய அதே கொத்தனார்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அவர் வாயாடி. "தாயி, கட்டடத்துல பொம்பளக சொல்லறத ஆம்பளக கேக்க மாட்டாக, ஆம்பளக சொல்லறத நான் கேக்க மாட்டேன், நான் சொல்லறத சித்தாளு கேக்காது. அப்படித்தான் ஊருல இம்புட்டு வீடு நிக்கிது" என்பார். அந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் நான் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

சமையல் மேடை கட்டுகிற அன்றைக்கு, "என்ன ஒசரம் தாயி?" என்று கேட்டார்.

"அங்கன என்ன ஒசரமோ அதே ஒசரம்."

என்னை ஒருமுறை பார்த்தார், மேற்கே அவள் வீட்டை ஒருமுறை பார்த்தார். "அவுக பனை மாதிரி. நீங்க..." என்று இழுத்தார்.

"மேடைய அளங்க. என்னைய அளக்காதீக" என்றேன்.

அளந்தார். இன்றைக்கும் நான் ஒரு பலகையைக் காலடியில் போட்டு ஏறி நின்றுதான் குழம்பைக் கிண்டுகிறேன். வீடு கட்டுகிறவர்கள் யார் என்னிடம் வந்தாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்: சமைக்கிறவரை நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு அரைச் சாண் கீழே கோடு போடுங்கள். அந்தப் பலகையை முதன்முதலில் பார்த்த அன்று என் ஓரகத்தி சிரிக்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் தெருவைக் கூட்டியிருப்பேன். சிரிக்காமல் போனாளே என்று அதற்கும் ஒரு எரிச்சல்.

ஆனால் மேடையெல்லாம் பிற்பாடு. ஆரம்பம் பேஸ்மட்டத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் பின்னால் கட்டுகிற வீடு முன்னால் கட்டிய வீட்டைவிட உயரமாகத்தான் இருக்கும். யாரைக் கேட்டாலும் மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கத்தான் என்பார்கள். முல்லைப்பெரியாறே உடைத்துக்கொண்டு வந்தாலும் எட்டாத மேட்டில் இருக்கிறவர்களும் அதையேதான் சொல்வார்கள். தெருவை ஓரத்திலிருந்து பார்த்தால் யார் யாருக்குப் பின்னால் கட்டினார்கள் என்று தெரிந்துவிடும்.

கொத்தனார் நூல் பிடித்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அங்கனயவிட ஒரு வரி கூட வைங்க" என்றேன்.

"ஒரு வரிக் கல்லு போதுமா தாயி? ரெண்டா வச்சுருவோமா?"

"ஒண்ணு போதும். பாத்தா தெரியணும். கேட்டா தண்ணிக்குன்னு சொல்லணும்."

அவள் ஏற்கனவே தெருவிலிருந்து இடுப்பளவு தூக்கியிருந்தாள். அதற்கு மேல் ஒரு வரி என்றால் உள்ளே கொட்டுகிற மண்ணும் அவ்வளவு கூடுகிறது. கிராவல் மண் லாரி இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று இழுத்தடித்தது. அந்தச் சமயம் பார்த்துக் கண்மாயைத் தூர்வாரினார்கள். அடியில் கிடந்த கரம்பை மண்ணை விவசாயிகள் அள்ளிக்கொள்ளலாம் என்றார்கள். கரம்பையென்றால் எங்கள் ஆட்களுக்கு உயிர். வயலில் ஒரு வண்டி கொட்டினால் அந்த வருசம் கதிர் தலை தூக்க முடியாமல் கிடக்கும். என் வீட்டுக்காரர் ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்துப் பார்த்தார். "இந்த மண்ணுல எதப் போட்டாலும் மொளைக்கும்த்தா. இது வீட்டுக்கு அடியில கெடந்தா வீடு வெளங்கும்" என்றார். தெருவில் கேட்ட அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். விவசாயக் குடும்பத்தில் நல்ல மண்ணைக் கெட்ட மண் என்று யார் சொல்வார்கள்? டிராக்டர் டிராக்டராகக் கொண்டுவந்து தட்டினோம்.

அவள் வேலி ஓரத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, கரம்பைய வீட்டுக்குள்ள போடாதீகக்கா. தண்ணி குடிச்சா ஊதிக்கிரும், காஞ்சா சுருங்கிரும். நாங்க கிராவல் அடிச்சு, தண்ணி விட்டு மிதிச்சு, ஒரு மழைய பாத்துட்டுத்தான் தரை போட்டோம்."

நாங்க, நாங்க, நாங்க. "நல்ல மண்ணு ஆத்தா. ஒனக்குக் கெடைக்கலையேன்னு பாக்கறியாக்கும்?" என்றேன்.

அவள் விடுவாளா. "எனக்கெதுக்குக்கா? நான் ஹால்ல நெல்லா நடப்போறேன்?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சித்தாள் பெண்கள் சிரித்தார்கள். நான் என் வீட்டுக்காரரிடம் போய், "பாத்தீகளா, நம்ம வீடு ஒசந்துருமேன்னு அவளுக்கு" என்றேன். அவர் பாவம், மண்ணை முகர்ந்துகொண்டிருந்தார்.

மாடிக்குத் தளம் போட்டதும் அதன்மேல் தண்ணீர் கட்ட, அவர் வயலில் கட்டுகிற மாதிரியே பாத்தி கட்டினார். அதைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். மேலே அப்படித் தண்ணீர் தேக்கின நாங்கள் கீழே மண்ணுக்கு ஒரு குடம் ஊற்றவில்லை. தைக்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். மண் கெட்டிக்கிற மிஷின் அரை நாள் வந்தது, பெல்ட் அறுந்தது, போனது. அடுத்த வாரம் வருகிறேன் என்றவரை நான்தான் வேண்டாம் என்றேன். கொட்டின மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, நனைத்து, இடித்து, சும்மா போட்டுவைக்க வேண்டும். வீடு கட்டுவதிலேயே சும்மா இருக்கிற வேலைதான் பெரிய வேலை. அது எனக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மினுமினுக்கிற தரையில் நடந்துகொண்டிருக்கும்போது யாருக்குத்தான் வரும்?

பால் காய்ச்சிய அன்று என் தலைவாசலில் நின்று அவள் வாசலைப் பார்த்தேன். நாலு விரல் கீழே இருந்தது. நாலு விரல்தான். அன்றைக்கு அந்த நாலு விரல் எனக்கு மேகமலை. அவள் படியேறி வந்து மூச்சு வாங்கினாள். "படி செத்த ஒசரமா இருக்குதுக்கா" என்றாள். பாயசத்தைவிட அது இனித்தது. ஒன்றே ஒன்றுதான் குறை. "எங்க வீட்டவிட ஒங்க வீடு நல்லா இருக்கு" என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. அதைச் சொல்வாள் சொல்வாள் என்று அன்றைக்குப் பூராவும் அவள் பின்னாலேயே சுற்றினேன். அதற்கப்புறமும் சுற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு வெயிலும் மழையும் வந்து வந்து போயின. அடியில் கிடந்த கரம்பை ஊதியது, சுருங்கியது. இப்போது அவள் அதன்மேல் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறாள்.

என் வீட்டுக்காரர், "சோபாவ இழுத்துப் போட்ருவமா?" என்றார். போட்டால் சமையற்கட்டுக்கு வழி கிடையாது. "அப்ப அது மேல ஒரு கோலத்தப் போட்ரு" என்றார்.

"நடு வீட்லயா? மாட்டுப் பொங்கலா இன்னைக்கி?" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

பாய்ந்தேனே தவிர, காது முழுக்க அவள் பக்கம்தான் இருந்தது. "அன்னைக்கே சொன்னேன்ல" என்று சொல்வாள். சொன்னால் என்ன பதில் கொடுப்பது என்று கூடத் தயாராக இருந்தேன். உன் குளியலறைத் தண்ணீரைப் பற்றி, உன் அரிசி மூட்டையைப் பற்றி, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன.

அவள் எழுந்தாள். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, படியிறங்கித் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

போகட்டும், பார்த்து ரசிக்கட்டும் என்று நினைத்தேன். தெருமுனையில் கார் சத்தம் கேட்டது. அப்போது அவள் திரும்பி வந்தாள், தோளில் ஒரு ஜமுக்காளத்தோடு. அவள் அம்மா வீட்டுச் சீரில் வந்தது. சிவப்பும் நீலமும் பட்டை போட்ட கனத்த ஜமுக்காளம். அவள் கல்யாணத்தன்றிலிருந்து என் கண்ணில் கிடக்கிறது. அதை உதறி, விரிசல் ஓடுகிற திசையிலேயே நீளவாக்கில் விரித்தாள். ஓரத்தைக் காலால் இழுத்துச் சரிசெய்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா முழங்காலில் கையை ஊன்றி ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, "என்ன இம்புட்டு ஒசரமாத் தூக்கிட்டீக?" என்றார். கண் சுவரில் ஏறி, கூரையைச் சுற்றி, மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தண்ணிக்குத்தான் என்றுகூடச் சொல்ல வரவில்லை.

"காத்துக்குத்தான் மதினி" என்றாள் என் ஓரகத்தி. "நாங்க பக்கத்து வீடுதான். எங்க வீடு இதவிடத் தணிவு, இந்தக் காத்து அங்கன கெடையாது. எங்க வீட்டவிட அக்கா வீடு நல்லா இருக்கும். சாயங்காலம் ஆனா நான் இங்கனதான் வந்து கெடப்பேன்."

ஒரு நாளும் அவள் வந்து கிடந்ததில்லை. நான் வருசக்கணக்காகக் காத்துக்கிடந்த வார்த்தையை அவள் அரிசிக்குள்ளிருந்து கல் பொறுக்கிப் போடுகிறமாதிரி அலட்சியமாக எடுத்துப் போட்டாள். அதையும் அவள் கையால்தான் நான் வாங்க வேண்டியிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு, சரியாக அந்தக் குழியின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் தரை கெட்டியாக இருக்கிற இடத்தைத் தட்டிக்காட்டி, "இங்கன உக்காருங்க மதினி" என்றாள். பெண்ணைக் கூட்டிவந்தபோதும் எழவில்லை, காபி கொடுத்தபோதும் எழவில்லை. மாப்பிள்ளையின் அம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி, எலையப் போடச் சொல்லுங்க" என்றதும் அவள் உட்கார்ந்தபடியே சமையற்கட்டில் நின்ற என் பக்கம் கழுத்தை மட்டும் திருப்பி, "அக்கா, எலையப் போடுங்க" என்று குரல் கொடுத்தாள்.