சுப்பராயலு கேட்டு எழுதிய கிணறு

சுப்பராயலு சாரிடம் யாரும் ஒரு சங்கதியை ஒரே தடவையில் சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. "தண்ணி கம்மி சார்" என்று ஒரு விவசாயி சொன்னால், "கம்மின்னா எப்படி?" என்பார். "கோடையில கம்மி" என்றால், "கோடைன்னா மாசியா, சித்திரையா?" என்பார். எல்லாவற்றையும் எழுதி, எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டி, "இதத்தானே சொன்னீங்க?" என்று மூன்று முறை கேட்பார். அதற்குள் எதிரில் நிற்பவருக்குப் பேஜாராகிவிடும். கடைசி வருஷங்களில் ஆபீசில் அவருக்கு 'அப்படின்னா சார்' என்று பட்டப்பெயர். புதிதாக வந்த பையன்கள் வைத்தது. அவர் முன்பு எப்படி இருந்தார் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் அவர்கள் சிரிக்கும்போது எனக்குக் கோபம் வரும்.

நான் கிருஷ்ணவேணி. 1958-ல் திண்டிவனத்தில் மின்சார ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அப்போது சார் உச்சத்தில் இருந்தார். அவருடைய வேலை இதுதான்: ஒரு ஊருக்குக் கம்பி இழுப்பதற்கு முன்னால் அங்கே போய், யாருக்கு என்ன வேண்டும், எந்தக் கிணற்றுக்கு எத்தனை குதிரைசக்தி மோட்டார் தேவைப்படும் என்று வீடு வீடாக, கிணறு கிணறாகக் கேட்டு எழுதிவர வேண்டும். ஊரின் மொத்தத் தேவை ஐம்பது குதிரைசக்தியைத் தொட்டால் லைன் உண்டு. தொடாவிட்டால் அந்த ஊரின் ஃபைல் பீரோவுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்புறம் அதை எழுப்ப ஆள் கிடையாது.

கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார்கள், இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். எங்கள் பக்கத்து ஜனங்களைத் தெரியாதவர்களுக்குத்தான் அப்படித் தோன்றும். இங்கே எவரும் தன் கிணற்றுத் தண்ணீரை வாய்விட்டு நல்லது என்று சொல்லமாட்டார். சொன்னால் கண் பட்டுவிடும். அது போக, யுத்த காலத்தில் சர்க்காருக்கென்று லெவி நெல் அள்ளிக்கொண்டு போனவர்களும் கையில் ஒரு நோட்டோடுதான் வந்தார்கள். அதனால் நோட்டைப் பார்த்ததும் எப்பேர்ப்பட்ட கிணறும் வற்றிவிடும். "ஏதோ ஆடு குடிக்க ஆகும் சார்" என்பார்கள். சாருக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் வெளியூர்க்காரர். ஆடு குடிக்க என்றால் ஆடு குடிக்க என்றே எழுதிக்கொண்டு வந்தார். அவர் புண்ணியத்தில் எட்டு ஊர் இருட்டிலேயே கிடந்தது.

சுப்பராயலு சார் இங்கேயே ஓமந்தூர்ப் பக்கம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போட்ட குடும்பம். அவரிடம் இந்தப் பாச்சா பலிக்குமா? நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். 'ஆடு குடிக்க ஆகும்' என்றால் மூன்று குதிரைசக்தி. 'ஏதோ ஊறுது' என்றால் ஐந்து. 'மழை பேஞ்சாத்தான்' என்றாலும் ஐந்து. 'இந்தக் கெணத்த நம்பியா பொழைக்கறோம்' என்று ஒருவர் அலுத்துக்கொண்டால் தயங்காமல் ஏழரை. அந்தப் பட்டியலை டைப் அடித்துத் தரச் சொன்னபோது சிரித்துச் சிரித்து எனக்கு நாலு எழுத்து தப்பாக விழுந்தது. ஆனால் அவர் போட்ட கணக்கு பிசகவே இல்லை. அவர் போய்வந்த ஊர்களுக்கெல்லாம் லைன் போனது. எஞ்சினியர் அவரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்துப் பேசுவார். எங்கள் ஆபீசில் அது பெரிய மரியாதை.

1960 தை மாதம் ஆவாரமேட்டுக்குப் போனார். மரக்காணம் போகும் வழியில் கழுவெளி ஓரமாக இருந்த சின்ன ஊர் அது. கழுவெளி என்பது கடல் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து நிற்கும் பெரிய ஏரி. இரண்டு நாள் அலைந்ததில் நாற்பத்தைந்து சேர்ந்தது. மிச்சம் இருந்தது ஒரே கிணறு. ஊரின் கிழக்குக் கோடியில், கழுவெளியை ஒட்டி, வெள்ளையம்மாள் என்கிற அம்மாவின் கத்தரித் தோட்டத்தில் இருந்தது. புருஷன் இல்லை. மகளை அனந்தபுரத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு பசுவோடும் அந்த அரை ஏக்கரோடும் தனியாக இருந்தார். சார் அங்கே போனபோது ஊர் ஆண்கள் பாதிப்பேர் பின்னாலேயே போய் வரப்பில் நின்றார்களாம். அந்தக் கிணற்றில் ஐந்து கிடைத்தால் ஊருக்கே வெளிச்சம். அது சாருக்கும் தெரியும், வரப்பில் நின்றவர்களுக்கும் தெரியும்.

அந்த அம்மா சொன்னதை அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். என்ன வேண்டும் என்ற கேள்விக்குக் கேட்டதை எழுதினார். தண்ணீர் எப்படி என்ற கேள்விக்குச் சொன்னதையும் எழுதினார். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு ஆபீஸ் பாரமான நமூனாவில், கட்டத்துக்குள், ஐந்து என்று போட்டு ரேகை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் நமூனாவும் நோட்டும் என் மேஜைக்கு வந்தன. நோட்டைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது. எழுந்து போய்க் கேட்டேன்.

"சார், இந்தம்மா மாட்டுக் கொட்டாய்க்கு ஒரு லைட்டுதான கேட்டிருக்காங்க? மோட்டாரே கேக்கலியே. நோட்டுல அப்படித்தான் இருக்குது."

"அவங்க அப்படித்தாம்மா சொல்லுவாங்க" என்றார் சிரித்தபடி. "நம்ம பக்கம் உனக்குத் தெரியாதா? எங்க சித்தியும் இப்படித்தான். குதிருல நெல்ல வெச்சிக்கினே, ஒலைக்கு அரிசி இல்லன்னு சொல்லும்."

தெரியும். என் அப்பாவும் அப்படிச் சொல்கிறவர்தான். நான் திரும்பி வந்து உட்கார்ந்து, வெள்ளையம்மாள், ஐந்து குதிரைசக்தி என்று அடித்தேன். மூன்று நகல். சொன்னதை அடிப்பதுதானே என் வேலை, எனக்கென்ன வந்தது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு அப்படி நினைக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் ஆவாரமேட்டுக்கு லைன் போனது. ஊர் திருவிழாப் போல இருந்ததாம். சாருக்கு மாலை போட்டார்கள். வெள்ளையம்மாள் கிணற்றிலும் ஐந்து குதிரை மோட்டார் உட்கார்ந்தது. ஏற்றத்தில் சால் சாலாக இறைக்க ஆள் தேடி அலைந்த அம்மாவுக்கு, பட்டனைத் தட்டினால் வாய்க்கால் நிறையத் தண்ணீர். அதற்கடுத்த தை மாதம் மரக்காணம் பஸ் கண்டக்டரிடம் ஒரு கூடைக் கத்தரிக்காய் கொடுத்தனுப்பியிருந்தார். ஆபீசில் பங்கு போட்டுக்கொண்டோம். நானும் ஒரு வீசை எடுத்துப்போய்க் குழம்பு வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது.

1963 ஆனியில் ஆவாரமேட்டிலிருந்து ஒரு மனு வந்தது. யாரோ எழுதிக் கொடுத்து, கீழே ரேகை வைத்த மனு. தண்ணீர் உப்பாகிவிட்டது, மோட்டார் வேண்டாம், கழற்றிக்கொள்ளலாம், மாட்டுக் கொட்டாய் லைட்டு மட்டும் இருக்கட்டும். மூன்று வரிதான். எஞ்சினியர் படித்துவிட்டு, "ஃபைல்ல போடுங்க" என்றார். சார் ஃபைலில் போடவில்லை. மத்தியானம் டிபன் கேரியரைத் திறக்கவும் இல்லை. பீரோவைக் குடைந்து 1960-ஆம் வருஷத்து நோட்டைத் தேடி எடுத்தார். தன் இடத்தில் உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் என்னிடம் வந்து, "ஞாயித்துக்கெழம ஆவாரமேடு போய்ட்டு வர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

"நானும் வர்றேன் சார்" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவருடைய மனைவி லட்சுமியம்மாளையும் அழைத்துக்கொண்டு மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

அங்கே பார்த்ததைச் சொல்வதற்கு முன், பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்ததும் சார் ஒரு ரிப்போர்ட் எழுதினார். அந்த மோட்டார் அந்த அம்மா கேட்டதல்ல, தானாகவே எழுதியது, பிழை முழுவதும் தன்னுடையது என்று எழுதி, என்னை அடிக்கச் சொன்னார். எஞ்சினியர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஊருக்கே லைட்டு குடுத்துட்டு எதுக்குய்யா வம்ப வெல குடுத்து வாங்கறே?" என்றார். சார் திரும்பப் பெறவில்லை. அந்த வருஷம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. பட்டியல் இருந்த பக்கத்தை அவரே கிழித்துவிட்டார். ஜனங்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே எழுதி, நமூனாவின் கட்டத்துக்குள் அடங்காமல் தனித்தாள் ஒட்டி அனுப்ப ஆரம்பித்தார். அடித்து அடித்து என் விரல் வலித்தது. ஒரு நாளும் நான் முனகவில்லை.

ஆவாரமேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். வழியெல்லாம் மல்லாட்டைக் கொல்லை பச்சையாக இருந்தது. மோட்டார் ஓடும் சத்தம் நாலு பக்கமும் கேட்டது. ஒரு கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். அவர்தான் வெள்ளையம்மாள். தன் ஐந்தைச் சேர்த்துத் தன் ஊருக்கு வந்த தண்ணீரில், அடுத்தவர் கொல்லையில் அவர் கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய தோட்டத்தில் கத்தரி இல்லை. மண்ணில் வெள்ளை பூத்திருந்தது. அங்கங்கே சவுக்குக் கன்று நட்டிருந்தார். உப்புக்குத் தாங்குவது அது ஒன்றுதான். கிணற்றிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு சாரிடம் நீட்டினார். சார் வாங்கி, ஒரு வாய் குடித்தார். துப்பிவிடுவார் என்று நினைத்தேன். விழுங்கினார்.

"அன்னிக்கி ஒரு வார்த்த சொன்னீங்க" என்றார் சார். "அதுக்கு மேல எறைச்சா கோச்சிக்கும்னு சொன்னீங்க. அப்படின்னா என்னம்மா?"

மூன்று வருஷத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வெள்ளையம்மாள் சாதாரணமாகத்தான் பதில் சொன்னார்.

"மேலாக்க நிக்கறது மழத்தண்ணி சார். அடியில நிக்கறது கழுவெளித் தண்ணி. மேலாக்க பதமா மொண்டுக்கினா இனிப்பு. ஜாஸ்தி எறைச்சா அடித்தண்ணி ஏறிக்கும். எங்க மாமனாரு காலத்துல ஒரு தபா அப்படி ஏறி, மூணு வருசம் புல்லுகூட மொளைக்கல."

எனக்கு என்னவோ போல் இருந்தது. என் மனச்சாட்சிக்கு ஒரு சந்து தேடினேன் போலிருக்கிறது, வாய் முந்திக்கொண்டது. "ஏம்மா, இதெல்லாம் தெரிஞ்சிக்கினே மோட்டார் போட்டீங்களே?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை.

"ஆபீசருங்க படிச்சவங்க, கணக்குப் போட்டு அஞ்சுன்னு எழுதியிருக்காங்க. எங்கெணத்தப் பத்தி என்னைவிட அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிக்கினேம்மா."

அந்த ஐந்தை அடித்த விரல்களை நான் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். அவமானம் என்பது என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. லட்சுமியம்மாள் அந்தப் பக்கம் திரும்பி நின்று பசுவைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கொட்டகையில் பட்டப்பகலிலும் அந்த ஒற்றை பல்பு எரிந்துகொண்டிருந்தது. அணைக்க மறந்திருப்பார்.

வெள்ளையம்மாள் கீழே உட்கார்ந்தார். சாரின் கக்கத்தில் இருந்த நோட்டைக் காட்டி, "இதுதானா சார் அந்த நோட்டு?" என்றார்.

"ஆமாம்மா."

"நான் சொன்னத அதுல எழுதிக்கினீங்களே. அத எனக்குப் படிச்சிக் காட்டலியே. இப்பப் படிங்க, கேக்கறேன்."

சாரும் தரையில் உட்கார்ந்தார். பக்கத்தைத் திருப்பினார். அவர் படித்தார்.

"ஒரு குடும்பம் பொழைக்கிற தண்ணி சார். காலைல நாப்பது சாலு, சாயங்காலம் நாப்பது சாலு எறைச்சா சரியா இருக்கும். அதுக்கு மேல எறைச்சா கோச்சிக்கும். மோட்டாரு வேணாம். மாட்டுக் கொட்டாயில பாம்பு வருது, ஒரு லைட்டு குடுத்தீங்கன்னா போதும்."

வெள்ளையம்மாள் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"சரியாத்தான் எழுதிக்கினு இருக்கீங்க" என்றார். "ஒரு வார்த்தகூட தப்பு இல்ல. அப்புறம் எதுக்கு சார் எங்கிட்ட கேட்டீங்க?"