சித்தி கொண்டுவந்த குதிரைகள்

எனக்கு எட்டு வயதாக இருந்த ஓர் ஆடி மாதத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு இருபத்துநான்கு குதிரைவீரர்கள் வந்து சேர்ந்தார்கள். நானுஓயாவில் ரயிலை விட்டிறங்கி, வேன் பிடித்து லிந்துலை வந்து, அங்கிருந்து மழையோடு மழையாக மேடேறி வந்தார்கள். பிஸ்கட் டின்னுக்குள் துண்டு துண்டாகக் கிடந்ததால் அவர்களுக்கு அலுப்பு தெரிந்திருக்காது. சுமந்து வந்த சித்திக்குத்தான் கை விட்டுப்போயிருந்தது. ஆள் ஒவ்வொருவரும் என் சுண்டுவிரல் உயரம்தான், ஆனால் அத்தனையும் உலோகம்.

சித்தி அம்மாவின் தங்கை. கொழும்புப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் அவளுக்கு வேலை. வெளிநாட்டில் மேசைமேல் படைகளை நிறுத்திச் சண்டை விளையாட்டு விளையாடுகிறவர்களுக்காக, இந்தப் பொம்மைப் போர்வீரர்களை அங்கே ஒட்டிப் பெயின்ட் அடித்து அனுப்புவார்கள். வளர்ந்த ஆண்கள் பொம்மை வைத்து விளையாடுகிறார்கள் என்பதை அப்பா இன்றுவரை நம்பவில்லை. சித்தியுடையது ஒட்டுகிற வேலை. கோயில் திருவிழாவுக்கு லீவு கேட்டபோது முதலாளி இந்த டின்னைக் கையில் கொடுத்து, திங்கட்கிழமை முடித்துக்கொண்டு வா, இல்லாவிட்டால் வரவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

எங்கள் லயத்தில் வயது வந்தும் கொழுந்தெடுக்கப் பேர் பதியாமல் இருந்த ஒரே பெண் சித்திதான். அவள் வரும்போதெல்லாம் அம்மா அதே பேச்சைத் தொடங்குவாள்.

"கணக்கப்புள்ள கேட்டுக்கிட்டே இருக்காரு. பேர் பதிஞ்சா கொறஞ்சா போயிருவ?"

"பெரட்டுல போயி நிக்க மட்டும் என்னக் கூப்பிடாதீங்கக்கா. இந்த வேல இருக்குறவரைக்கும் நான் வரமாட்டேன்."

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அப்படி என்ன பயம் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா தினமும் போய் வருகிறாளே. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: சித்தி திரும்பிப் போகக்கூடாது.

வாசற்படியில், மூட்டத்துக்குள்ளிருந்து வருகிற கொஞ்ச வெளிச்சத்தில் சித்தி வேலை செய்தாள். வீரர்களால் அவ்வளவு தொல்லையில்லை. சில கைகள் தோளில் உட்கார மறுத்தன. துளை சிறிதாகவும் முளை பெரிதாகவும் இருந்தன. அராவிச் சரிசெய்தாள். நீட்டிய விரலோடு இருந்த ஒருவனுக்கு நான் கங்காணி என்று பேர் வைத்தேன். அவன் கைதான் இரண்டு தரம் கழன்றது.

குதிரைகள்தான் உயிரை எடுத்தன. ஒவ்வொரு குதிரையும் நீளவாக்கில் இரண்டு பாதி. முதுகைப் பொருத்தினால் வயிறு பிளக்கும். வயிற்றை அழுத்தினால் கழுத்தில் அரிசி நுழைகிற இடைவெளி விழும். பிசிறை வெட்டினாள், அராவினாள், ஊசியளவு துளை போட்டுக் கம்பி செருகினாள். அப்படியும் சேரவில்லை.

"அச்சு ஊத்துனவன் தூங்கிட்டான் பாப்பா. இது ரெண்டும் ரெண்டு தாய் வயித்துப் புள்ளைங்க. இழுத்துப் புடிச்சாத்தான் ஒன்னா நிக்கும்" என்றாள்.

சுப்பர் குளூ போட்டால் வெள்ளை பூத்து, தொட்டதும் விட்டது. கடைசியில் இரண்டு குழாய்களைப் பிதுக்கிக் கலக்குகிற பசைக்கு மாறினாள். கொழும்பில் அரை மணியில் கல்லாகிற அந்தப் பசை, எங்கள் குளிரில் ஒரு நாள் கழிந்தும் சீனிப்பாணியாகவே இருந்தது. ரப்பர் பட்டி போட்டுக் கட்டிய பாதிகள் மெதுவாக ஒன்றையொன்று விட்டு வழுக்கின. நான் பிடித்துக்கொண்டிருந்தேன், அவள் மறுபடி ஒட்டினாள்.

அப்புறம்தான் அவளுக்கு அடுப்பு ஞாபகம் வந்தது. எங்கள் லயத்தில் எது நனைந்தாலும் அடுப்புக்கு மேலேதான் காயும். என் பள்ளிக்கூடச் சப்பாத்து, அப்பாவின் சுவெட்டர், விறகு, ஒருமுறை மழையில் அகப்பட்ட பூனைக்குட்டிகூட அங்கேதான் காய்ந்தது. சித்தி குதிரைகளைப் பரணில் அடுக்கினாள். மறுநாள் அவற்றில் பாதிக்குமேல் இறுகிவிட்டன. மீதியைப் பிரித்துத் திரும்ப ஒட்டி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தேர். அம்மாவும் அப்பாவும் பகலே கோயிலுக்குப் போய்விட்டார்கள். பரணைத் தொட்டுப் பார்த்த சித்தி, "சாயங்காலத்துக்குள்ள காஞ்சாத்தான் தேருக்கு. இல்லாட்டி இதப் புடிச்சிக்கிட்டே உக்காந்திருக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் விழும் பீலிக்குக் குளிக்கப் போனாள். நான் புதுச் சட்டையோடு நின்றேன். சித்தி இல்லாமல் தேருக்குப் போவதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

தூரத்திலிருந்தே காய்கிறதென்றால் பக்கத்தில் வைத்தால் இன்னும் சீக்கிரம் காயுமல்லவா? ரொட்டி சுடும் தகடு அடுப்பிலேயே இருந்தது. முக்காலியில் ஏறி, காய்ந்தது காயாதது என்று பார்க்காமல் இருபத்துநான்கையும் இறக்கித் தகட்டில் நிறுத்தினேன். விறகை உள்ளே தள்ளினேன். அந்த உலோகம் ஈயம்போலச் சட்டென்று உருகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. கத்தி உருகியதா, கரண்டி உருகியதா? அந்தத் தகடே உருகியதில்லையே.

முதலில் ரப்பர் நாற்றம் வந்தது. பிறகு ஓரத்துக் குதிரை ஒன்று முன்னங்காலை மடக்கியது. அடுத்ததும் மடக்கியது. வயிறு தகட்டில் பட்டதும் பளிச்சென்று தண்ணீராகி ஓடியது. அப்போதே ஓடிப்போய்ச் சித்தியைக் கூப்பிட்டிருக்கலாம். பீலி நாலு எட்டுத் தூரம்தான். நான் கூப்பிடவில்லை. பயம் என்றுதான் பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்தான். ஆனால் இவை இல்லாவிட்டால் திங்கட்கிழமைப் பயணமும் இல்லை என்று ஒரு நினைப்பும் கூடவே ஓடியது. கடைசிக் குதிரை சாயும்வரை முக்காலியிலேயே நின்றேன்.

சித்தி ஈரத் தலையோடு உள்ளே வந்தாள். விறகை வெளியே இழுத்துப் போட்டாள். தகட்டைப் பார்த்தாள். எத்தனை வருடமானாலும் மறக்க முடியாத குரலில், "எல்லாத்தையுமா பாப்பா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அவள் என்னை அடிக்கவில்லை.

சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஏறிப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். முதலாளியிடம் சிங்களத்தில் பேசினாள். "சமாவென்ன மாத்தயா" என்று மன்னிப்புக் கேட்டது மட்டும் எனக்குப் புரிந்தது. அதை நாலைந்து தரம் சொன்னாள். பேச்சு நின்ற பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். கீழே கோயிலில் மேளம் கேட்டது. அன்று சாயங்காலம் என்னைத் தேருக்குக் கூட்டிப்போனாள். கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது.

விஷயம் தெரிந்து அம்மா அகப்பையை எடுத்தபோதும் சித்திதான் குறுக்கே வந்தாள்.

"விடுங்கக்கா. புள்ள தெரியாமத்தான பண்ணுச்சு."

திங்கட்கிழமை யாரும் எங்கும் போகவில்லை. கொழும்பில் இருந்த அவளுடைய உடுப்புப் பையை யாரோ தெரிந்தவர்கள் பிறகு கொண்டுவந்து கொடுத்தார்கள். குதிரையில்லாத வீரர்கள் இருபத்துநான்கு பேரும் காலை அகட்டிக்கொண்டு எங்கள் ஜன்னல் திட்டில் ஒன்றுமில்லாததன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி அந்தப் பக்கம் பார்ப்பதேயில்லை.

மூன்றாவது வாரம் அம்மா கணக்கப்பிள்ளையைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தாள். விடிந்தும் விடியாத ஒரு காலையில், சித்தியின் இடுப்பில் அம்மா, ஈரம் படாமலிருக்கக் கொழுந்தெடுப்பவர்கள் கட்டும் படங்குத் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டாள். பிறகு தலையில் கூடைக் கயிற்றை மாட்டிவிட்டாள். சித்தி பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப்போல அசையாமல் நின்றுகொடுத்தாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர்களுக்கு முன்னால் ஓடி, வாசலில் நின்றவர்களிடமெல்லாம், "எங்க சித்தி இனிமே இங்கதான்! கொழும்புக்குப் போகாது!" என்று கத்தினேன். பெரட்டுக்களத்துக்குத் திரும்புகிற வளைவில் அம்மா என்னை நிறுத்தி வீட்டுக்கு விரட்டினாள். சித்தி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் துள்ளித் துள்ளி இரண்டு கையையும் ஆட்டினேன். அவள் ஆட்டவில்லை. கூடைக் கயிற்றைப் பிடித்திருப்பதால்தான் ஆட்டவில்லை என்று நினைத்துக்கொண்டு, சிரித்தபடியே வீட்டுக்கு ஓடி வந்தேன்.