முப்பத்து மூன்று மார்க்

தொண்ணூறுகளின் கடைசியில் உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். "இதுங்களுக்கெல்லாம் கணக்கு வராது சார்" என்று யாராவது சொன்னால் போதும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வராதுன்னு எவன் சொன்னது? இன்னும் வரலன்னு சொல்லுங்க" என்று சண்டைக்கு நிற்பேன். விடைத்தாளிலும் ஃபெயில் என்று எழுதமாட்டேன்; ‘இன்னும் வரவில்லை’ என்றுதான் எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். அப்பா, அம்மா இரண்டு பேரும் கழனி வேலைக்குக் கூலிக்குப் போகிறவர்கள். காலாண்டில் கணக்கில் ஒன்பது மார்க். திட்டவில்லை. தப்பான இடத்தைக் காட்டி, மறுபடி மறுபடி போடவைத்தேன். அரையாண்டில் இருபத்திரண்டு. "சார், வருது சார்!" என்று தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். முழுப் பரீட்சையில் முப்பத்து மூன்று. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும்.

"ரெண்டு மார்க்கைப் போட்டுத் தள்ளிவிடுய்யா" என்றார் தலைமையாசிரியர். நான் கேட்டால்தானே! ஒன்பதிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவளுக்குப் பிச்சை போடுவதா? இன்னொரு வருஷம் அதே வகுப்பில் உட்கார்ந்தால் அறுபது வாங்குவாள் என்று அடித்துச் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். "அடுத்த வருசம் எடுத்துர்றேன் சார்" என்றாள்.

ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரமாகியும் அவளைக் காணோம். சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போனேன். அவள் அப்பா மட்டும் இருந்தார்.

"பொண்ணக் கட்டிக் குடுத்துட்டோம் சார். எங்கக்கா புள்ளைக்குத்தான். வந்தவாசி பக்கம் கீது. பாஸானா பத்தாவது படிக்கட்டும், இல்லன்னா கல்யாணத்த முடிச்சிடலாம்னு வூட்ல முன்னாடியே பேசி வெச்சிருந்தோம்."

அடுத்த வருஷம் என்ற ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும் என்று நம்பிய முட்டாள் நான். "எங்கிட்ட ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டேன். யார்மேல் கத்துகிறேன் என்றுகூடத் தெரியவில்லை.

அவர் கோபப்படவில்லை.

"அவங்கம்மா சொன்னா சார், ரெண்டு மார்க்குதான, போய்க் கேளுடின்னு. இதுதான் போவமாட்டேன்னுட்ச்சி. சாரு என் நல்லதுக்குத்தாம்மா பண்ணிக்கீறாருன்னு சொல்லி அழுதுக்கினே கெடந்துச்சி."