பரேடுக்கு வைத்த வெற்றிலை பாக்கு

"அம்மா, பரேடுக்குத் தேதி வச்சிட்டாங்க" என்று மகள் போனில் சொன்னாள். அவ்வளவுதான். அதற்குமேல் அவள் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. ராணுவ அதிகாரிக்கான பயிற்சியில் சென்னையில் இருந்தாள். பயிற்சி முடிகிற அன்று பரேடு நடக்கும், அது முடிந்ததும் வீட்டு மனிதர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு தோளில் நட்சத்திரம் குத்துவார்கள் என்று முன்பே சொல்லியிருந்தாள். போனை வைத்த கையோடு நான் தாம்பாளத்தை எடுத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் என்றால் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். பரேடு நல்ல காரியம் இல்லையா பின்னே? செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு சொந்தக்காரர் கடை விடவில்லை. மேல்சித்தாமூருக்குப் பேருந்து ஏறிப் போய் நாத்தனாருக்கு வைத்தேன். "பொண்ணுக்கு மாப்ள எந்த ஊரு?" என்று கேட்டாள். "மாப்ளயும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பரேடு. வேன் வெச்சிருக்கோம், கெளம்பு" என்றேன்.

என் வீட்டுக்காரர் சாக்கும் கயிறும் விற்கிறவர். சிரித்தால் விலை குறைக்கச் சொல்வார்கள் என்று கடையில் சிரிக்கவே மாட்டார். அவர் இப்போது சந்தைக்கு நெல் போட வந்த விவசாயிகளை எல்லாம் நிறுத்தி வைத்து, "எம் பொண்ணு ஆபீசர்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவர் சாக்கு வாங்க மறந்து டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அனந்தபுரத்திலிருந்து என் தம்பி வந்தான். தாய்மாமன் சீர் என்று பட்டுப்புடவை, பழத்தட்டு, ஆளுயர மாலை எல்லாம் சொல்லி வைத்துவிட்டானாம். மேளத்துக்கும் முன்பணம் கொடுத்துவிட்டானாம்.

"டேய், அங்க அவங்களே பேண்டு வச்சிருப்பாங்கடா."

"வச்சிருக்கட்டுமே. அது அவங்க மேளம். இது தாய்மாமன் மேளம்."

வேன் நிறைய ஆள் சேர்ந்த பிறகு மகள் மறுபடி கூப்பிட்டாள். நான் அழைத்த கதையைக் கேட்டதும் அலறினாள். "ஐயோ அம்மா, அன்னிக்கே சொன்னேனே! ரெண்டு பேருக்குத்தான் பாஸ்!"

எனக்குக் கண்ணைக் கட்டியது. வைத்த வெற்றிலையைத் திரும்ப வாங்க முடியுமா? வாங்கினால் நாளைக்கு நம் வீட்டுச் சாவுக்குக்கூட எவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டோம். வேன் கிளம்பியே தீரும் என்று முடிவானது. பரேடு நடக்கிற நேரத்தில் மற்றவர்களை வண்டலூரில் இறக்கிவிட்டால் புலி, சிங்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாத்தனார் அங்கேயே கட்சி மாறிவிட்டாள். "எனக்குப் புலியே போதும், பரேடெல்லாம் டிவில பாத்துக்கலாம்."

மிச்சம் இருந்தது அந்த இரண்டு பாஸ்.

"காது குத்தினது எம் மடியில" என்றான் தம்பி.

"காது குத்திட்டா ஆச்சா? பெத்தவன் நான்டா மச்சான்" என்றார் வீட்டுக்காரர்.

"முறைன்னு ஒண்ணு இருக்குது மாமா."

"இன்னா முறை? ராணுவத்துல ஏதுடா முறை?"

கத்தினார்கள், கும்பிட்டார்கள், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார்கள். கடைசியில் ஒரே நேரத்தில் இருவருக்கும் ஞானம் பிறந்தது. தோள் இரண்டு, ஆளும் இரண்டு! வலது அப்பாவுக்கு, இடது மாமனுக்கு. கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் பூரித்துப்போய் என் பக்கம் திரும்பினார். "நீ வண்டலூர் ஜனத்துக்கு எலுமிச்ச சோறு கட்டிடு. கூடவே இருந்து பரிமாறிடு, இன்னா?"

எனக்கு வந்ததே கோபம்!

"ஏன்யா, நான் யாரு? வேன் கிளீனரா?" என்று எழுந்தேன். "காது குத்தறப்ப அவ வீல்னு கத்தினது எனக்கு அடுப்படியிலதான் கேட்டுச்சி. ஓடி வர்றதுக்குள்ள முடிச்சிட்டீங்க. மஞ்ச நீராட்டுல அவளை மணையில உக்கார வச்சப்ப நான் பந்தியில பாயசம் ஊத்திட்டிருந்தேன். போட்டோவுல பாத்துதான் அவ கட்டியிருந்த புடவை நிறமே எனக்குத் தெரியும். எம் பொண்ணோட ஒரு நல்லதைக்கூட நான் நேர்ல பாத்ததில்ல. இத பாக்கணும். எவன் தடுத்தாலும் பாப்பேன்!"

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். ஆத்திரத்தில் வந்த அழுகை. நாத்தனார் வாயில் போட்ட வெற்றிலையை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தாள்.

தம்பி எழுந்து என் பக்கத்தில் வந்தான். "நீ உள்ள போக்கா. சீர்த்தட்ட வச்சிக்கினு நான் வெளிய கேட்டாண்ட நிக்கிறேன்." உடனே வீட்டுக்காரர் பக்கம் திரும்பி விரலை நீட்டினான். "ஆனா, வெளிய வந்ததும் மொத மாலை என்னது. ஆமா!"

விடியுமுன் வேன் கிளம்பியது. திண்டிவனம் தாண்டுவதற்குள் பாதிச் சோறு காலி. மேளக்காரர் வேனுக்குள்ளேயே ஒரு தட்டு தட்டிப் பார்த்தார், ஓட்டுநர் சுங்கச்சாவடியில் இறக்கிவிடுவேன் என்று மிரட்டினார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

மைதானத்தில் வரிசை வரிசையாக நின்ற பிள்ளைகளில் என் மகளைக் கண்டுபிடிக்கவே நேரமானது. எல்லாம் ஒரே தொப்பி, ஒரே விறைப்பு. பரேடு முடிந்ததும் கிட்டே போய் நட்சத்திரத்தைக் கையில் எடுத்தேன். அந்தப் பக்கம் அவள் நைனா தன் நட்சத்திரத்தைக் குத்தி முடித்துவிட்டார். என்னுடையது துணியில் ஏறவேயில்லை. சுற்றிலும் எல்லோரும் முடித்துவிட்டதாகத் தோன்ற, எனக்குப் பதற்றத்தில் கண் மறைத்தது. "இரும்மா, இரும்மா, இதோ ஆச்சி" என்று முணுமுணுத்தேன்.

மகள் அசையவில்லை. பார்வையை நேராக வைத்தபடி, உதடு பிரியாமல் சொன்னாள்.

"பொறுமையா குத்தும்மா. நீ முடிக்கிற வரைக்கும் இங்க எல்லாரும் நிப்பாங்க."